குரோம் பம்பர், கிரில், மிரர் கவரைக் கறுப்பாக்க வேண்டும்: மலைநாட்டு ஈரத்தில் எது நிற்கும்?

கந்தப்பளை_மரக்கறி
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய இசுசு எல்ஃப். பேலியகொடைக்கும் தம்புள்ளைக்கும் மரக்கறி ஏற்றுகிறேன். திரும்பி வரும்போது உரம், கோழி எரு, சில நேரம் சிமெந்து. முன்பு வைத்திருந்தவர் பளபளப்புக்கு ஆசைப்பட்டவர்போல. பம்பர், கிரில், மிரர் கவர், வீல் கப், ஏறும் படி எல்லாமே குரோம். இப்போது பம்பர் முழுக்கப் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. கிரிலின் ஓரத்தில் தகடுபோல உரிந்து, துடைக்கும்போது கையைக் கிழிக்கிறது.

எல்லாவற்றையும் மேட் கறுப்பாக்கலாம் என்று நினைக்கிறேன். டவுனில் கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒருவர் லேசாகச் சுரண்டிவிட்டு ஸ்பிரே கேன் அடித்தால் போதும் என்கிறார். இன்னொருவர் பவுடர் கோட்டிங்தான் சரி என்கிறார். மூன்றாமவர் ஸ்டிக்கர் ஒட்டு என்கிறார். விலைக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நம் பக்கத்து மழைக்கும் பனிக்கும் எது தாக்குப்பிடிக்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_லேலண்ட்
நல்ல குரோமை ஏன் தம்பி கறுப்பாக்குகிறீர்கள்? றம்பொடைப் பக்கம் பனி இறங்கினால் எதிரே வருகிறவனுக்கு உங்கள் வண்டியில் முதலில் மினுங்குவது அந்தப் பம்பர்தான். நான் பஸ் ஓட்டிய காலத்தில் துணியில் டீசல் தொட்டுத் துடைத்தே வைத்திருப்போம். இப்போது எதைப் பார்த்தாலும் கறுப்பு. வெயிலில் அழகு, பனியில் ஆபத்து.

கினிகத்தேனை_பையன்
அங்கிள், அந்தக் காலத்துக் குரோம் வேறு, இந்தக் காலத்துக் குரோம் வேறு 😄

தலவாக்கலை_கெப்
நான் என் கெப்பின் ரோல் பாரையும் கிரிலையும் கறுப்பாக்கக் கொடுத்தேன். கராஜ் பெயர் வேண்டாம். வேலை முடிந்து கொடுத்தபோது பார்க்க அருமையாக இருந்தது. சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடித்ததுதான் தாமதம், ரோல் பாரிலிருந்து பெயின்ட் வாழையிலைபோல ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அடியில் குரோம் புத்தம் புதிதாகச் சிரிக்கிறது. கேட்டால் "நீங்கள் பிரஷர் அடித்திருக்கக் கூடாது" என்கிறார்கள். மலைநாட்டுச் சேற்றில் ஓடுகிற கெப்பைப் பிரஷர் அடிக்காமல் எப்படிக் கழுவுவது?

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
தலவாக்கலைத் தம்பி, உரிந்து வந்த துண்டின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? அதுவும் கண்ணாடிபோல மினுங்கியிருந்தால் குரோமை யாரும் தேய்க்கவே இல்லை என்று அர்த்தம். பெயின்ட் அதன்மேல் சும்மா படுத்திருந்திருக்கிறது. பிரஷர் மேல் பழி போட வேண்டாம்.

கந்தப்பளைத் தம்பிக்கு: கலரைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். உங்கள் வண்டியில் "குரோம்" என்று நீங்கள் சொல்கிற சாமான்கள் எல்லாம் ஒரே பொருள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

காந்தம் இறுகப் பிடித்தால், அதோடு பழுப்புப் புள்ளியும் இருந்தால், இரும்பில் பூசிய குரோம். பம்பர் பெரும்பாலும் அதுதான். காந்தம் பிடிக்காமல், நகத்தால் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் பிளாஸ்டிக். கிரிலும் மிரர் கவரும் அப்படித்தான் இருக்கும். உங்கள் கையைக் கிழித்தது பிளாஸ்டிக்கிலிருந்து கழன்ற உலோகத் தோல். காந்தம் பிடிக்காமல், ஒரு புள்ளிகூட இல்லாமல், கனமாக இருந்தால் ஸ்டெய்ன்லெஸ், லேசாக இருந்தால் பொலிஷ் பண்ணிய அலுமினியம். ஏறும் படி அப்படி இருக்கலாம். ஸ்டெய்ன்லெஸ்ஸிலும் காந்தம் பிடிக்கிற வகை உண்டு. அதனால் காந்தத்தை மட்டும் நம்பாமல் புள்ளியையும் பாருங்கள். கதவுக் கைப்பிடி, பெயர் எழுத்துகள் சிலவற்றில் நாகத்தை, அதாவது துத்தநாகத்தை, வார்த்துச் செய்தவையும் வரும். கையில் பாரமாக இருக்கும், காந்தம் பிடிக்காது.

இதைப் பார்க்காமல் விலை சொல்கிற பாஸிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நான் சொல்வதில் முக்கியம் இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

இரசாயன_மாஸ்டர்
பாஸ் சொல்வதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். அலங்காரக் குரோம் என்பது தடிப்பான பூச்சு இல்லை. மேலே இருக்கிற குரோமியம் அரை மைக்ரோனுக்கும் குறைவு. அதன் அடியில் 10 முதல் 30 மைக்ரோன் வரை நிக்கல், பல இடங்களில் அதற்கும் அடியில் செம்பு. நம் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். கண்ணுக்குத் தெரிகிற பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. குரோமியம் அதை மங்காமல் காக்கிறது.

காற்றுப் பட்ட கணமே குரோமியத்தின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகிவிடும். அது எதோடும் சேராது. வழவழப்பும் அதிகம். பெயின்ட் பிடிக்க வேதியியல் பிணைப்பும் இல்லை, கீறலும் இல்லை. ஆகவே கீறலை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

கந்தப்பளைத் தம்பியின் பம்பர் ஏன் புள்ளி விழுந்தது என்பதற்கும் அவர் பதிவிலேயே விடை இருக்கிறது. குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் எப்போதும் இருக்கும். எம்ஓபி என்று நாம் மூட்டையில் ஏற்றுகிற உரம் பொட்டாசியம் குளோரைட்டு. குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து அந்தத் துளை வழியாக நிக்கலைத் துளைத்து இரும்பைப் பிடிக்கும். கோழி எருவிலிருந்து வருகிற அமோனியா செம்பைத் தாக்கும். கடற்கரை இல்லாத ஊரில் கடற்கரை வண்டியின் துரு வருவது இப்படித்தான். உரம் இறக்கிய அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். கறுப்பாக்கிய பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

கந்தப்பளை_மரக்கறி
மாஸ்டர், உரத்தை யோசிக்கவே இல்லை. ஜப்பானில் ஓடிய வண்டி, உறைபனிக்கு உப்புத் தூவுகிற ஊரில் ஓடியிருக்கும், அதனால்தான் என்று விற்றவர் சொன்னார்.

இரசாயன_மாஸ்டர்
அதுவும் இருக்கலாம். உப்பிலும் இருப்பது குளோரைட்டுதான்.

பண்டாரவளை_ஸ்டிக்கர்
நான் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவள், அதனால் என் பேச்சில் கொஞ்சம் வியாபாரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

மிரர் கவருக்கும் உரியாத கிரிலுக்கும் வைனல் ராப் என்கிற ஸ்டிக்கர்தான் சுகம். குரோமின் வழவழப்பு பெயின்டுக்குப் பகை, வைனலுக்கு நட்பு. தேய்க்க வேண்டியதில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து, ஹீட் கன் காட்டி ஒட்டினால் முடிந்தது. பிறகு விற்கும்போது உரித்துவிட்டுப் பழைய குரோமைக் காட்டலாம். லீசிங் முடியாத வண்டிக்காரர்கள் என்னிடம் வருவது அதற்காகத்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் என்று சொல்ல மாட்டேன். புள்ளி விழுந்த பம்பரில் ஒட்டினால் ஒவ்வொரு புள்ளியும் மேலே பரு மாதிரித் தெரியும். அடியில் ஈரம் நின்று துரு இன்னும் வேகமாக வளரும். உரிந்த கிரிலிலும் அப்படித்தான், கழன்ற தோலோடு சேர்ந்து வைனலும் வந்துவிடும். இன்னொன்று, நம் ஊர்க் குளிர். ஒட்டுகிற அறை 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. ஓரங்களையும் வளைவுகளையும் ஒட்டி முடித்த பிறகு 90 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வைனல் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். நுவரெலியாவில் திறந்த முற்றத்தில் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
அக்கா சொல்வது சரி. பம்பருக்கு ஸ்டிக்கர் வேண்டாம் என்று ஸ்டிக்கர் கடைக்காரரே சொல்வதை இன்றுதான் கேட்கிறேன் 🙏

ஆனால் லொறி கிரிலுக்கு ராப் எனக்குப் பிடிப்பதில்லை. கம்பி கம்பியாக இருக்கிற இடத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு ஓரம். அத்தனை ஓரத்திலும் சேறு ஏறும். மிரர் கவருக்கு ஒட்டுங்கள், அது வேறு.

பண்டாரவளை_ஸ்டிக்கர்
கிரில் எப்படி என்பதைப் பொறுத்தது பாஸ். அகலப் பட்டையாக இருந்தால் நிற்கும், தேன்கூடு மாதிரி இருந்தால் நானே வாங்க மாட்டேன்.

கினிகத்தேனை_பையன்
யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். பிளாஸ்டிக் வாளியில் கோஸ்டிக் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் பிளஸ்ஸைப் பம்பரில் மாட்டினால் குரோம் தானாகக் கரைந்துவிடுகிறது. தேய்க்கும் வேலையே இல்லை. வீட்டில் சார்ஜர் இருக்கிறது. செய்யலாமா?

இரசாயன_மாஸ்டர்
வேண்டாம் தம்பி. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இந்தப் பக்கம் இன்னும் பலர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள்.

அந்த முறையில் குரோம் கரைவது உண்மைதான். கரைந்து மஞ்சள் நிறமாகும் அந்தத் தண்ணீரில் இருப்பது ஆறு வலுவளவுக் குரோமியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாளியிலிருந்து குமிழி வெடித்துக் கிளம்புகிற நுண்துளியை மூச்சில் இழுத்தாலே கேடு. கோஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் கண் போகும். கூடவே ஐதரசன் வாயு வரும், மூடிய கராஜில் ஒரு பொறி போதும். மின்சாரம் இல்லாமல் ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைப்பவர்களும் உண்டு. அதில் வருவது பச்சை நிற மூவலுவளவுக் குரோமியம். நச்சு குறைவு, ஆனாலும் அமிலப் புகை நுரையீரலையும் பக்கத்தில் இருக்கிற கருவிகளையும் தின்னும். அமிலத்தில் போட்ட உயர் வலிமை போல்ட்டுகள் ஐதரசனை உறிஞ்சி, பிறகு பாரம் ஏறும்போது படாரென்று முறியும்.

இதையெல்லாம் விடப் பெரியது, வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? நம் ஊரில் எந்தக் கானில் ஊற்றினாலும் அது ஓடைக்குப் போகும். ஓடைக்குக் கீழே யாரோ ஒரு லயத்துக்குப் பீலி இருக்கும். பம்பர் அழகாக இருப்பதற்காகப் பீலித் தண்ணீரில் குரோமியம் கலக்க முடியாது.

கினிகத்தேனை_பையன்
சரி மாஸ்டர், விட்டுவிட்டேன். சார்ஜரை பேட்டரிக்கே வைத்துக்கொள்கிறேன்.

தலவாக்கலை_கெப்
அப்படியென்றால் பவுடர் கோட்டிங்? கண்டிப் பக்கம் கேட், அலுமினிய ஜன்னல் சட்டங்களுக்குச் செய்கிறார்கள். பம்பரைக் கொண்டுபோனால் எடுப்பார்களா?

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
எடுப்பார்கள், ஆனால் சாண்ட் பிளாஸ்ட் (காற்றழுத்தத்தில் மணல் பீய்ச்சிச் சுரண்டுவது) அடித்துக் கொண்டு வா என்பார்கள், அல்லது அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். கேட்காமல் குரோமின் மேலேயே பவுடர் தூவுகிற இடம் என்றால் பம்பரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வாருங்கள். பவுடரை 180 முதல் 200 டிகிரி வரை ஓவனில் உருக்கி எடுப்பதால் பூச்சு மிகவும் உறுதி. கல் பட்டாலும் லேசில் போகாது. இரும்புப் பம்பருக்கு, முழுதாகப் பிளாஸ்ட் செய்து துருவை எடுத்த பிறகு, அதுதான் முதல் தரம் என்பேன். நான் பெயின்ட் அடித்துப் பிழைக்கிறவன், ஆனாலும் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் கிரிலை அந்த ஓவனுக்குள் வைத்தால் வெளியே வருவது கிரிலாக இருக்காது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியைத் தாண்டினாலே இளகும். நாகவார்ப்புக் கைப்பிடியும் வேண்டாம். உள்ளே சிக்கியிருக்கிற காற்று சூட்டில் கிளம்பி மேலே கொப்புளம் போடும்.

கந்தப்பளை_மரக்கறி
காந்தம் வைத்துப் பார்த்தேன். பம்பர் பிடிக்கிறது. கிரில், மிரர் கவர் இரண்டும் பிளாஸ்டிக். வீல் கப் பிடிக்கிறது, அதிலும் புள்ளி. ஏறும் படி பிடிக்கவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை, நல்ல பாரம்.

புதுக் கிரில் மாட்டலாமா என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து ஏறிய விலை, 2025இல் திறந்த பிறகும் இறங்கவில்லை என்று சிரிக்கிறார்கள். ஆகவே இருப்பதைத்தான் சரிசெய்ய வேண்டும். பம்பருக்குப் பவுடர் என்று முடிவு. கிரிலை நானே அடிக்க நினைக்கிறேன், கம்பிரசரும் ஸ்பிரே கன்னும் மச்சானிடம் இருக்கின்றன. வரிசையாகச் சொல்லித் தருவீர்களா பாஸ்?

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
படியை விட்டுவிடுங்கள். அது ஸ்டெய்ன்லெஸ். துருப்பிடிக்காத சாமானில் பெயின்ட் அடித்துச் செருப்புக்குத் தேயக் கொடுப்பது வீண். மழையில் கால் வழுக்கவும் செய்யும்.

கிரிலுக்கு வருவோம். கழற்றி எடுங்கள். வண்டியிலேயே வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால் உள் ஓரங்கள் விட்டுப்போகும், அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். கழற்றியதும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் தேய்க்க வேண்டும். அழுக்கும் மெழுகும் இருக்கும்போது தேய்த்தால் அதையே கீறலுக்குள் திணிக்கிறீர்கள்.

உரிந்த தோலை ஒரு மழுங்கிய கத்தியால் கிளப்பி, இனிமேல் கழலாது என்கிற இடம் வரை எடுத்துவிடுங்கள். கையுறை போடுங்கள், அது பிளேடுதான். பிறகு 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு பிடித்து, எங்கே பார்த்தாலும் மினுக்கம் இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி ஆகும் வரை தேயுங்கள். கை வலிக்கும். வலிக்கிறதே என்று விட்ட மூலையில்தான் முதலில் கழலும். கிரைண்டர் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், தூசியும் கிளம்பும். உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே படி தெரிந்தால் பிளாஸ்டிக்குக்கான பட்டியை (பள்ளம் நிரப்புகிற பேஸ்ட்) மெல்லியதாகப் போட்டு 400இல் இழையுங்கள். இரும்புக்குப் போடுகிற கட்டலோய் பேஸ்டைப் போடாதீர்கள், நெளியும்போது வெடிக்கும்.

துடைக்க வெறும் தின்னரை எடுக்காதீர்கள். தின்னரிலிருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ்ஸைத் தின்று முடிபோல வெடிப்பு விடும். மெழுகு நீக்கி அல்லது அக்கா சொன்ன அற்ககோல் போதும். பிளாஸ்டிக் வெளியே தெரிகிற இடத்தில் பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கை. அதன்மேல் 2கே, அதாவது இறுக்குகிற ஹார்ட்னர் கலந்து அடிக்கிற, எபொக்சி பிரைமர் மெல்லிய இரண்டு கை, நடுவே கால் மணி நேர இடைவெளி. காய்ந்ததும் 600இல் லேசாகத் தேய்த்து, கறுப்பு பேஸ், கடைசியில் மேட் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) இரண்டு கை. மேட் கிளியரை ஒரே சீராக அடிக்க வேண்டும். தடித்த இடம் மினுங்கும், மெல்லிய இடம் வெளிறும், பிறகு பொலிஷ் போட்டுத் திருத்த முடியாது. பழக்கம் இல்லையென்றால் செமி கிளாஸ் எடுங்கள், தப்பு தெரியாது, கழுவவும் சுலபம்.

ஸ்பிரே கேனில் இருக்கிற சாதாரணக் கறுப்பு ஹார்ட்னர் இல்லாதது. டீசல் துணி பட்டால் கையோடு வரும். லொறிக்கு அது சரிவராது.

பழைய_லேலண்ட்
பழைய டியூகோ லேக்கர் பெயின்ட் அடித்தால் என்ன? எங்கள் காலத்தில் எல்லாமே டியூகோதான்.

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
அண்ணே, டியூகோ நம் ஈரத்தில் வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கிற தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கறுப்பில் அது பால் ஊற்றின மாதிரித் தெரியும்.

இரசாயன_மாஸ்டர்
கறுப்பு அடிக்கப் போகிறவர்களுக்கு இந்த ஈரக் கணக்கு முக்கியம். பெயின்ட் உற்பத்தியாளர்கள் சொல்கிற பொது விதி, அடிக்கப்படும் பரப்பு பனிபடு நிலையை (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். வருடச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 டிகிரி. 16 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு பின்னேரத்தில் பனிபடு நிலை 14.4. அப்படியென்றால் உங்கள் கிரில் 17.4 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இரவு வெளியில் கிடந்த சாமானைக் காலையில் எடுத்து அடித்தால் அது காற்றை விடவும் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் பிரைமர் அடிக்கிறீர்கள்.

எபொக்சி 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய உறங்கிவிடும். பகலில் அடித்து இரவில் கொட்டிலில் விட்டால் தொட்டுப் பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே இறுகியிருக்காது.

கந்தப்பளை_மரக்கறி
அப்போது எங்கள் பக்கம் எப்போது அடிப்பது? சூடு பண்ண ஒரு கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா?

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
ஐயோ, அடுப்பு வேண்டாம்! தின்னர் ஆவி நிலத்தோடு பரவிப்போய் அடுப்பில் பிடிக்கும். கொட்டிலோடு போகும். அடிப்பதற்கு முன்னால் சாமானை வீட்டுக்குள் அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அடித்து, ஆவி முழுக்கப் போய் மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு ஹலோஜன் விளக்கைத் தள்ளி வைத்துச் சூடு காட்டலாம். பிளாஸ்டிக் என்பதால் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை உங்கள் பக்கம் மழை குறைவு. அதில் வெயில் அடிக்கிற ஒரு நாளைப் பார்த்து, பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்குள் முடியுங்கள். பின்னேரம் பனி ஏறத் தொடங்கினால் கன்னைக் கழுவி வைத்துவிடுங்கள், மிச்சம் நாளைக்கு.

கம்பிரசர் டாங்கியின் அடியில் இருக்கிற திருகாணியைத் திறந்து தண்ணீரை இறக்குவதை மறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரம் நிரம்பும். அதைச் செய்யாமல் மீன்கண் மாதிரிக் குழி விழுந்தது, கொப்புளம் வந்தது என்று பெயின்டைத் திட்டுபவர்கள் அதிகம்.

கினிகத்தேனை_பையன்
தோட்டத்து ஃபெக்டரியில் டிரையர் இருக்கிறதே பாஸ், அதற்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்தால் நன்றாகக் காயுமே?

பழைய_லேலண்ட்
தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் தம்பி. அன்றைக்கு வந்த கொழுந்து முழுக்கத் தின்னர் மணக்கும். டீமேக்கர் உங்களையும் கிரிலையும் சேர்த்து வெளியே எறிவார். 😂

தலவாக்கலை_கெப்
மாஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லையே. கொரோனா காலத்து நீல மாஸ்க் பெட்டி பெட்டியாக இருக்கிறது.

இரசாயன_மாஸ்டர்
அது போதாது. 2கே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட்டு இருக்கிறது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் அதன் பிறகு மிகச் சிறிய அளவுக்கே ஆஸ்துமா வரும். ஆவியை உறிஞ்சுகிற கரி வடிகட்டி பொருத்திய அரை முக மாஸ்க் கட்டாயம், கண்ணாடியும் கையுறையும் வேண்டும். குளிர்கிறது என்று கதவை இழுத்து மூடிக்கொண்டு அடிப்பதுதான் நம் பக்கம் நடக்கிற பெரிய தவறு. தொழிலாக அடிக்கிற இடங்களில் வெளிக்காற்று குழாய் வழியே வருகிற மாஸ்க் போடுவார்கள். வீட்டில் ஒரு கிரில் என்றால் திறந்த பக்கம் இருக்கிற கொட்டிலில், பிள்ளைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

பண்டாரவளை_ஸ்டிக்கர்
இவ்வளவையும் வாசித்துவிட்டுப் பயந்தவர்கள் மிரர் கவரை என்னிடம் கொண்டு வரலாம் 😊

கந்தப்பளை_மரக்கறி
அக்கா, மிரர் கவர் உங்களிடம்தான் வரும். உரிக்கக்கூடிய ரப்பர் ஸ்பிரே என்று ஒன்று சொல்கிறார்களே, பிளாஸ்டி டிப், அது எப்படி?

பண்டாரவளை_ஸ்டிக்கர்
தடிப்பாகப் பல கை அடித்தால் பிடித்துக்கொள்ளும், பிறகு உரித்தும் எடுக்கலாம். மெல்லியதாக அடித்தால் உரிக்கும்போது துண்டு துண்டாக வந்து உயிரை வாங்கும். பெட்ரோல் பட்டால் கரையும். ஆசைக்கு ஒரு பெயர் எழுத்தைக் கறுப்பாக்க நல்லது. மரக்கறிக் கூடை உரசுகிற லொறிக்கு நான் சொல்ல மாட்டேன்.

தலவாக்கலை_கெப்
வீல் கப்பை நானும் செய்ய வேண்டும். நட்டோடு சேர்த்து அடித்துவிடலாமா?

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
நட்டையும், நட் அமருகிற இடத்தையும், ரிம் ஹப்போடு ஒட்டுகிற முகத்தையும் தொடவே கூடாது. அங்கே பெயின்ட் இருந்தால் நட் இறுகிய மாதிரித் தெரியும். ஓடும்போது பெயின்ட் நசுங்கி, இறுக்கம் குறைந்து, நட் தளரும். பாரத்தோடு கடுகண்ணாவ இறக்கத்தில் சக்கரம் ஆடினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கப்பைக் கழற்றித் தனியாக அடியுங்கள், அது நட்டின் அடியில் பிடிபடுகிற வகை என்றால் அந்த வளையத்தை மாஸ்க் பண்ணிவிடுங்கள். புதுப் பூச்சோடு மாட்டிய எந்த வீலையும் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

பழைய_லேலண்ட்
எல்லாம் சரி, நான் முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பனியில் கறுப்பு வண்டி எப்படித் தெரியும்? பொலிஸ் பிடித்தால்?

தலவாக்கலை_கெப்
அண்ணே, 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீ லங்கா என்று பஸ், முச்சக்கரவண்டிகளில் கூடுதலாக மாட்டிய அலங்காரச் சாமான்களைக் கழற்றச் சொன்னார்களே, அதில் பிடிபட்டது பின்னால் சேர்த்த சாமான்கள். கம்பெனி பம்பரின் நிறம் மாறுவது வேறு. வண்டியின் பாடி கலரையே மாற்றினால்தான் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற நிறமும் மாற வேண்டும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். லைட், சிக்னல், நம்பர் தகடு இவற்றின்மேல் கறுப்புப் புகை ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் வம்பு நிச்சயம்.

பண்டாரவளை_ஸ்டிக்கர்
பனிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. குரோம் தானாக ஒளி தராது, எதிரே வருகிற லைட்டை எங்கோ ஒரு பக்கம் தெறிக்க விடும். பிரதிபலிக்கும் டேப் வந்த லைட்டை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கறுப்புப் பம்பரின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பட்டை, பின்னால் சிவப்பு. குரோமை விட நன்றாகத் தெரியும், அண்ணன் கவலைப்பட வேண்டாம்.

பழைய_லேலண்ட்
அது ஒத்துக்கொள்கிற பேச்சு. ஆனால் சேறு பிடித்தால் டேப்பும் தெரியாது, துடைக்கிற பழக்கம் வேண்டும். அப்புறம் தம்பி, கறுப்பு சேற்றைக் காட்டாது என்று நினைத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். மேட் கறுப்பில் நம் செம்மண் காய்ந்தால் குரோமை விட மோசமாகத் தெரியும்.

கந்தப்பளை_மரக்கறி
சரி, பம்பர் பிளாஸ்ட்டுக்கும் பவுடருக்கும் கண்டிக்கு. வீல் கப்பும் அதோடு போகட்டும். மிரர் கவர் பண்டாரவளைக்கு. கிரில் என் கையால், பெப்ரவரியில். படியைத் தொட மாட்டேன். பாஸ், பம்பரைக் கொடுக்கும்போது அவர்களிடம் குறிப்பாக என்ன சொல்ல வேண்டும்?

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
உள்பக்கத்தையும் பிளாஸ்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் மட்டும் அடித்துவிட்டு உள்ளே துருவை விட்டால் அது பின்னாலிருந்து தின்று முன்னால் வரும். பிளாஸ்ட் முடிந்த அன்றைக்கே பூச வேண்டும், நம் ஈரத்தில் வெறும் இரும்பு ஒரு இரவிலேயே மஞ்சள் பூக்கும். கறுப்புக்கு அடியில் நாகம் கலந்த பிரைமர் பவுடர் ஒரு கை போடுவார்களா என்று கேளுங்கள், கொஞ்சம் காசு கூடும், உரம் ஏற்றுகிற உங்கள் வண்டிக்கு அது தேவை. குழி விழுந்த இடத்தைப் பவுடர் மூடாது, அப்படியே தெரியும். சாதாரண பட்டி 200 டிகிரியில் தாங்காது, அதனால் ஓவன் சூட்டைத் தாங்குகிற பட்டி அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிராக்கெட்டுகளையும் போல்ட்டுகளையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போல்ட் துளைகளுக்கு அவர்கள் அடைப்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது துளைக்குள் இருக்கிற பூச்சை நீங்கள் அரத்தால் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள்.

கந்தப்பளை_மரக்கறி
நன்றி பாஸ். பம்பர் இல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது, மச்சானின் லொறியில் ஏற்றி அனுப்புகிறேன். அவன் வாரா வாரம் கண்டிக்கு லீக்ஸ் கொண்டுபோகிறவன்.

பெயின்ட்_பாஸ்_ஹட்டன்
லீக்ஸ் மூட்டைக்கு மேலே வையுங்கள், அடியில் வைத்து நசுக்கிவிடாதீர்கள்.